நூல் பிடித்த தூரமும் பறக்கிற நேரமும்

எங்கள் உறவில் யாருக்காவது அமெரிக்கப் பயணம் கூடிவந்தால் முதல் போன் எனக்குத்தான் வரும். மகள் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்தில் சன்னிவேலில் இருக்கிறாள். நானும் கணவரும் போய்வந்து பழகியவர்கள். அவருக்குச் சர்க்கரை இருப்பதால் நேரக் கணக்கில் நான் கறாராக இருப்பேன் என்று எல்லோருக்கும் தெரியும். கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் ஆரம்பிப்பார்கள்: "அங்க போக எத்தனை மணி நேரம் ஆகும்?" சென்னையிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு இத்தனை மணி நேரம் என்று ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரம் எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று தெரிந்துகொண்டால் டிக்கெட் போடுவதிலிருந்து மாத்திரை எடுத்துவைப்பது வரை எல்லாம் சுலபமாகிவிடும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பூமியின் வளைவை ஒட்டி அளந்தால் சென்னை, சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையங்களுக்கு இடையே சுமார் 13,900 கிலோமீட்டர். பெரிய விமானம் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும். வகுத்துப் பார்த்தால் பதினைந்தரை மணி நேரம் வருகிறது. சென்னையிலிருந்து அந்த நேரத்தில் போய்ச் சேர வழியில்லை. வீட்டைப் பூட்டிக் கிளம்பியதிலிருந்து மகள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்வரை கணக்குப் போட்டால் ஒரு முழு நாளைத் தாண்டி இன்னும் சில மணி நேரம் ஆகிவிடுகிறது.

அந்த 13,900 கிலோமீட்டர் எந்த வழியாகப் போகிறது என்பதை என் தம்பி மகன் ஒருநாள் காட்டினான். பள்ளிக்கூடத்துக்காக வாங்கிய உலக உருண்டையை எடுத்துவந்து, பூக்கட்டுகிற நூலில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையைச் சென்னையிலும் மறுமுனையைக் கலிஃபோர்னியா கடற்கரையிலும் வைத்து இழுத்துப் பிடித்தான். நூல் கிழக்கே பசிபிக் பக்கம் போகும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது விறுவிறுவென வடக்கே ஏறியது. ஒடிசா, பீகார், எவரெஸ்ட் சிகரத்தின் பக்கம், திபெத், மங்கோலியா, சைபீரியா. அங்கே துருவ வட்டத்தையே தாண்டி, பெரிங் நீரிணை வழியாக அலாஸ்காவுக்குப் போய், அதற்குப் பிறகுதான் கீழே இறங்கியது. "அத்தை, சுவர்ல மாட்டியிருக்கிற மேப்ல கோடு போட்டா தப்பா வரும். உருண்டையில நூல் வச்சுத்தான் பார்க்கணும்" என்றான். நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். இரண்டு ஊருக்கும் நடுவே இருக்கிற மிகக் குறுகிய பாதை அந்த நூல்தான்.

ஆனால் விமானம் அந்த நூல்மேல் போவதில்லை. முதல் தடை இமயமலையும் திபெத் பீடபூமியும். நடுவானில் கேபின் காற்றழுத்தம் போய்விட்டால் விமானி உடனே 10,000 அடி உயரத்துக்கு இறங்க வேண்டும். பயணிகளின் தலைக்கு மேலே இருந்து விழுகிற ஆக்ஸிஜன் முகமூடி சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். திபெத்தில் தரையே அதைவிட உயரத்தில் இருப்பதால் இறங்க இடமில்லை. அதனால் அந்தப் பகுதியை விமானங்கள் கூடியமட்டும் தவிர்க்கின்றன. இரண்டாவது தடை அரசியல். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபின் அமெரிக்க, ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும் டெல்லியிலிருந்து மேற்கே போகிற பயணங்கள் நீண்டன. அமெரிக்கா போகிற சில விமானங்கள் வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் போய்வந்த சொந்தக்காரர் சொன்ன நேரத்தை வைத்து இன்று திட்டம் போடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். டிக்கெட் போடுகிற வாரத்தில் அந்த விமானம் உண்மையில் எத்தனை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது என்று விமானங்களின் போக்கைக் காட்டும் ஆப்களில் பார்த்துவிடலாம். முந்தைய சில நாள்களின் புறப்பாடும் வருகையும் அதில் வரிசையாக இருக்கும்.

மலையையும் அரசியலையும் போலவே பயண நேரத்தை மாற்றுவது காற்று. இதை விளங்கவைக்க எனக்குப் பிடித்த உதாரணம் ஏர் இந்தியாவின் டெல்லி–சான் ஃபிரான்சிஸ்கோ விமானம். 2015 டிசம்பரில் தொடங்கியபோது அது மேற்கே, அட்லாண்டிக் பக்கமாகப் போனது. 2016 அக்டோபரில் கிழக்கே திருப்பி, பசிபிக் வழியாக விட்டார்கள். புதிய பாதை ஏறக்குறைய 15,300 கிலோமீட்டர். பழையதைவிடச் சுமார் 1,400 கிலோமீட்டர் அதிகம். ஆனாலும் பதினான்கரை மணி நேரத்தில், முன்பைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய் இறங்கியது! அந்த வழியில் காற்று பின்னாலிருந்து தள்ளியதுதான் காரணம்.

ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், அதாவது விமானம் பறக்கிற அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. மணிக்கு 200 கிலோமீட்டர் என்பது அதற்குச் சாதாரணம். குளிர்காலத்தில் இன்னும் வலுக்கும். ஆற்றின் போக்கில் போகிற பரிசலும் எதிர்த்துப் போகிற பரிசலும் ஒரே நேரத்திலா கரை சேரும்? ஹாங்காங்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரத்தில் போகிற விமானம் திரும்பி வரும்போது பதினான்கு, பதினைந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அதே விமானம், அதே தூரம். ஆகவே போகிற நேரத்தை வைத்தே வருகிற நேரத்தையும் தீர்மானித்துவிடாதீர்கள். ஜனவரியில் திரும்புகிறவர்கள் கூடுதலாக ஒரு மணி நேரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நிற்காமல் போகிற விமானம் கிடையாது. எங்கேயாவது மாறித்தான் ஆக வேண்டும். எங்கே மாறுவது என்பதுதான் நம் கையில் இருக்கிற முடிவு. ஹாங்காங் வழி என்றால் முதலில் ஐந்தரை மணி நேரம், பிறகு பன்னிரண்டரை. துபாய் வழி என்றால் நான்கு மணி நேரம், பிறகு ஒரே மூச்சில் பதினாறு. பிராங்ஃபர்ட் வழி என்றால் பத்து, பிறகு பதினொன்றரை. சிங்கப்பூர் வழி என்றால் நான்கேகால், பிறகு பதினைந்து, பதினாறு. இவை பறக்கிற நேரம் மட்டுமே. வெறும் கூட்டல் கணக்கில் பிராங்ஃபர்ட் எல்லாவற்றையும்விட அதிகம். ஆனாலும் முழங்கால் வலி இருக்கிற பெரியவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். பயணம் ஏறக்குறைய சரிபாதியாக உடைகிறது. நடுவில் எழுந்து, முகம் கழுவி, கால் நீட்டி நடந்து, பிறகு உட்காரலாம். பதினாறு மணி நேரம் ஒரே இருக்கை என்பது இளவயதினருக்கே பாடு. அதிலும் கடைசி மூன்று மணி நேரம் நகரவே நகராது. இளம் பிள்ளைகள், சீக்கிரம் போக வேண்டும் என்கிறவர்கள், ஹாங்காங் வழியைப் பாருங்கள். ஒரே கூட்டணியில் இருக்கிற நிறுவனங்களாக இருந்தால் போகும்போது கிழக்கு வழி, வரும்போது ஐரோப்பா வழி என்று ஒரே டிக்கெட்டில் கேட்டுப் பார்க்கலாம். அப்படிச் செய்தால் திரும்பி வரும்போது பசிபிக் மேல் எதிர்க்காற்றில் மாட்டாமல் தப்பிக்கலாம். டிராவல் ஏஜென்ட் தானாக இதைச் சொல்ல மாட்டார். நாம்தான் கேட்க வேண்டும்.

ஒரே இருக்கையில் நீண்ட நேரம் என்று சொன்னேன் அல்லவா? நிற்காமல் போகிற பயணிகள் விமானப் பாதைகளில் உலகிலேயே நீளமானது சிங்கப்பூர்–நியூயார்க். 15,349 கிலோமீட்டர், பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். அதற்கென்றே எரிபொருள் கொள்ளளவைக் கூட்டிய ஏர்பஸ் ஏ350 விமானத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதில் சாதாரண எகானமி வகுப்பே இல்லை. அத்தனை நேரத்தை நெருக்கமான இருக்கையில் கழிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அடுத்தது டிக்கெட்டில் அச்சாகியிருக்கிற நேரம். புறப்படும் நேரம் புறப்படுகிற ஊரின் நேரம், இறங்கும் நேரம் இறங்குகிற ஊரின் நேரம். இது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் கழித்துப் பார்க்கும்போது மறந்துவிடுகிறது. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கலிஃபோர்னியா நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. மீதி மாதங்களில் பதின்மூன்றரை. ஜூன் 10-ஆம் தேதி அதிகாலை 2 மணிக்குச் சென்னையில் கிளம்பி, அதே 10-ஆம் தேதி பகல் 1 மணிக்கு இறங்குவதாக டிக்கெட் சொன்னால், பார்வைக்குப் பதினோரு மணி நேரம். அதோடு பன்னிரண்டரையைக் கூட்டுங்கள்: இருபத்து மூன்றரை மணி நேரம். திரும்பும்போது 10-ஆம் தேதி பகல் 1 மணிக்குக் கிளம்பி 12-ஆம் தேதி அதிகாலை 1 மணிக்கு வருவதாக இருந்தால், பார்வைக்கு முப்பத்தாறு மணி நேரம். பன்னிரண்டரையைக் கழியுங்கள்: அதே இருபத்து மூன்றரை. போகும்போது கூட்டல், வரும்போது கழித்தல். மொத்த நேரம் பிடிபட்டால்தான் எத்தனை வேளை சாப்பாடு, எத்தனை வேளை மருந்து என்று எண்ண முடியும்.

கோடை மாதங்களுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. நம்மூர்க் கடிகாரத்தில் அரை மணியைக் கழித்துவிட்டு, காலையை மாலையாகவும் மாலையைக் காலையாகவும் மாற்றிக்கொண்டால் போதும். சென்னையில் மாலை ஆறரை என்றால் அங்கே காலை ஆறு. என் மாமியார் கைக்கடிகாரத்தை மாற்றாமலேயே இதை வைத்துத்தான் ஊருக்குப் போன் பேசுவார்.

தேதி விஷயத்தில் ஒரு கண்டிப்பு வேண்டும். சென்னையிலிருந்து கிளம்புகிற நீண்ட தூர விமானங்கள் பலவும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில்தான். நம் பெரியவர்களுக்கு நாள் பிறப்பது சூரிய உதயத்தில். பஞ்சாங்கமும் அப்படித்தான். அதிகாலை ஒன்றரை மணி என்பது அவர்கள் மனதில் முந்தைய இரவின் தொடர்ச்சி. ஆனால் விமான நிறுவனத்துக்கு நள்ளிரவு 12 அடித்தால் அடுத்த தேதி. 10-ஆம் தேதி அதிகாலை 1.30 விமானத்துக்கு, 9-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பத்து மணிக்கெல்லாம் நிலையத்தில் இருக்க வேண்டும். டிக்கெட் பார்த்துச் சொல்லும்போது "பத்தாம் தேதி விமானம்" என்று நான் சொல்வதே இல்லை. "ஒன்பதாம் தேதி சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு வீட்டிலிருந்து வண்டி கிளம்பணும்" என்று கிழமையோடு சொல்லி, காலண்டரிலும் அந்தக் கட்டத்தில்தான் எழுதிவைக்கச் சொல்வேன். ஹோட்டல், வாடகை வண்டி, நல்ல நேரம் பார்ப்பது எல்லாம் அந்த 9-ஆம் தேதிக்கே.

இடைநிறுத்தத்துக்கு எவ்வளவு நேரம் விடலாம்? இணையத்தில் தேடும்போது ஒரு மணி பத்து நிமிட இடைவெளியோடு கவர்ச்சியாக ஒரு டிக்கெட் முதலில் வந்து நிற்கும். நிறுவனம் விற்கிறது என்றால் விதிப்படி முடியும் என்று அர்த்தம். எழுபது வயதுக்காரரால் முடியும் என்று அர்த்தமில்லை. இறங்க இருபது நிமிடம், மறுபடி பாதுகாப்புச் சோதனை, ரயிலோ பஸ்ஸோ பிடித்து வேறு முனையம், அங்கிருந்து வாயில். சக்கர நாற்காலி கேட்டவர்கள் விமானத்திலிருந்து கடைசியாகத்தான் இறங்க முடியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டரை முதல் நான்கு மணி நேரம்தான் நிம்மதி. சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே, தாமதமானால் கிளம்புவதற்கு 48 மணி நேரம் முன்னதாகவாவது, பதிவு செய்துவிடுங்கள்.

இரண்டு தனித்தனி டிக்கெட் வாங்கினால் கொஞ்சம் பணம் மிச்சமாகும். பெரியவர்களுக்கு நான் அதை அனுமதிப்பதில்லை. ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. பெட்டியும் சென்னையில் போட்டால் கடைசி ஊரில் வரும். தனித்தனி டிக்கெட் என்றால் நடுவழியில் நாமே பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய விசாவே தேவைப்படலாம்.

கூடவே இதையும் பாருங்கள்: கடைசி விமானம் நேரே சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்குகிறதா? நியூயார்க் அல்லது சிகாகோ போய் அங்கிருந்து உள்நாட்டு விமானம் என்றால், அமெரிக்காவில் முதலில் காலடி வைக்கிற ஊரிலேயே குடியேற்றச் சோதனை. பொதுவாக அங்கேயே பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். வரிசை எவ்வளவு நீளம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் அந்தக் குழப்பத்தில் தவித்துப்போவார்கள். மகளோ மகனோ வந்து நிற்கிற ஊரிலேயே சோதனையும் நடந்துவிட்டால் மனசுக்கு எவ்வளவு தைரியம்!

இனி உடம்பு. விமானம் 35,000 அடியில் போனாலும் கேபினுக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக வைக்கப்படுகிறது. ஏறக்குறைய கொடைக்கானல் உயரம். ஈரப்பதம் மட்டும் கொடைக்கானல் போல இல்லை. 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். தொண்டை காய்வதும் தோல் வறள்வதும் அதனால்தான். நம் ஆள்கள் கழிவறைக்கு எழுந்து போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அது கூடவே கூடாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஓரத்து இருக்கை வாங்கிக் கொடுங்கள். விழித்திருக்கிறபோது மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கட்டும், உட்கார்ந்தபடி குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கட்டும். ஏற்கெனவே சிக்கல் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு இறுக்கமான காலுறை போட்டுக்கொள்ளலாம்.

மருந்து முழுவதும் கைப்பையில்தான். இன்சுலினைப் பெட்டியில் போட்டு அடியில் அனுப்பினால் குளிரில் உறைந்து வீணாகலாம். என் கணவருக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரமே மருத்துவரிடம் டிக்கெட்டைக் காட்டி, எந்த மணிக்கு எந்த ஊசி, எந்த அளவு என்று எழுதி வாங்கிவிடுவேன். காலை வேளை, இரவு வேளை என்ற பிரிவுக்கு விமானத்தில் பொருளே கிடையாது. அந்தத் தாளில் எல்லா நேரமும் சென்னை நேரமாகவே இருக்கும். போய் இறங்கியபின்தான் அங்குள்ள நேரத்துக்கு மாற்றம். மருந்துச் சீட்டின் நகலையும் அதோடு சேர்த்து மடித்து அவர் சட்டைப் பையில் வைத்துவிடுவேன்.

சாப்பாட்டுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியைப் போல ஒத்துவருவது வேறில்லை. சிந்தாது, சீக்கிரம் கெடாது, பாதுகாப்புச் சோதனையிலும் தகராறு இல்லை. தயிர்சாதத்தைத் தவிர்த்துவிடுங்கள், தயிர் திரவக் கணக்கில் சேரும், 100 மில்லி லிட்டருக்கு மேல் விட மாட்டார்கள். ஊறுகாயும் அப்படித்தான், அது பெட்டிக்குள் போகட்டும். மிஞ்சிய உணவு எதையும் அமெரிக்காவில் இறங்கும்போது கையில் வைத்திருந்தால் சுங்கத்தில் சொல்லிவிட வேண்டும். பழம், விதை, இறைச்சி வேண்டவே வேண்டாம்.

போய்ச் சேர்ந்தபின் தூக்கம் தலைகீழாகிவிடும். நம் பகல் அங்கே இரவு என்பதால் உடம்பு பழக ஒரு வாரமாவது ஆகும். முதல் நாள் பகலில் இறங்கினால் எவ்வளவு அசதி இருந்தாலும் உடனே படுக்காமல், வெயில் முகத்தில் படும்படி வெளியே ஒரு நடை போய்விட்டு, இரவு எட்டு மணிவரை தள்ளிப்போடுங்கள். வெளிச்சம்தான் உடம்பின் கடிகாரத்தைத் திருப்பிவைக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் போனை எடுக்காமல் இருட்டிலேயே படுத்திருக்கலாம். இறங்கிய மறுநாளே யோசெமிட்டி பார்க்கப் போகலாம் என்று பிள்ளைகள் திட்டம் போடுவார்கள். ஒரு வாரம் கழித்துப் போகலாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, அழைக்க வருகிறவர்களுக்கு. டிக்கெட்டில் உள்ள வருகை நேரம் விமானம் வாயிலில் வந்து நிற்கிற நேரம். அப்பா அம்மா வெளியே வருகிற நேரம் அல்ல. குடியேற்ற வரிசை, பெட்டி, சுங்கம் என்று அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம். பின்காற்று பலமாக இருந்தால் அரை மணி முன்னதாகவே இறங்குவதும் உண்டு. ஆகவே காலையிலேயே விமான எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருங்கள். சன்னிவேலிலிருந்து 101 நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் நாற்பது நிமிடத்துக்குள் வந்துவிடலாம். விமானம் தரை தொட்டதைப் பார்த்ததும் கிளம்பினால் சரியாக இருக்கும். அப்பா அம்மாவின் போனில் அமெரிக்க சிம் வேலை செய்யாவிட்டாலும் விமான நிலையத்தின் இலவச வைஃபை கிடைக்கும். அதில் எப்படிச் சேர்வது என்பதைச் சென்னையிலேயே, வீட்டு வைஃபையை வைத்து, அவர்கள் கையாலேயே செய்யவைத்துப் பழக்கிவிடுங்கள்.